என்.ஆர்.எஸ்.வி. அப்டேட்டட் எடிஷன்: திருநர் கேள்வியோடு பைபிள் வாங்குபவர்களுக்கு

திருநர் அடையாளம் பற்றிய விவாதத்தில் தாராளவாதப் புராட்டஸ்டன்ட்டுகள் எந்த வசனத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆங்கில பைபிள்தான் வாங்க முடியும் என்றால், என்.ஆர்.எஸ்.வி. (நியூ ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) அப்டேட்டட் எடிஷனை வாங்கலாம். கீழ்க்குறிப்புகள் முழுதாக உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பையில் வைக்க வசதியாகக் குறிப்புகளைக் குறைத்து அச்சிட்டதோ, குறிப்பு காட்டாத ஆப்போ இந்த வேலைக்கு உதவாது. மேலே உள்ள வாசகம் சில இடங்களில் அழகாக மழுப்பிவிட்டுப் போகிறது. உண்மையைச் சொல்வது அடியில் உள்ள பொடி எழுத்து.

இதன் வம்சாவளி சுருக்கமாக: ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் வெர்ஷன் எனும் ஆர்.எஸ்.வி. புதிய ஏற்பாடு 1946, முழு பைபிள் 1952. அதைத் திருத்தி 1989-இல் வந்தது என்.ஆர்.எஸ்.வி. அதையும் புதுப்பித்து 2021 கடைசியில் மின்வடிவிலும் 2022-இல் அச்சிலும் வந்தது இது. உரிமை அமெரிக்காவின் நேஷனல் கவுன்சில் ஆஃப் சர்ச்சஸிடம் இருக்கிறது. திருத்தும் பணியை ஒருங்கிணைத்தது சொசைட்டி ஆஃப் பிப்ளிக்கல் லிட்ரேச்சர், அதாவது சபைகளைச் சாராத ஆய்வாளர் சங்கம். சிறிதும் பெரிதுமாகச் சுமார் 20,000 மாற்றங்கள். எபிஸ்கோப்பல், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், லுத்தரன் என்று அமெரிக்கப் பெருஞ்சபைகளின் பிரசங்க மேடைகளிலும், உலகெங்கும் இறையியல் வகுப்புகளிலும் இந்த வம்சத்து பைபிள்தான் பரவலாகப் புழங்குகிறது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 2003-இல் திருநரின் பங்கேற்பையும் ஊழியத்தையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. எபிஸ்கோப்பல் சபை 2012-இல் பாலின அடையாளத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று சபைச் சட்டத்தில் சேர்த்தது. இரண்டுமே 1989 பதிப்பின் காலத்தில் நடந்தவை. அதனால் புதிய பதிப்பு வந்துதான் இந்த வாசிப்பு பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளியானபோது அதிகம் அடிபட்ட இடம் 1 கொரிந்தியர் 6:9. அதையே முதலில் பார்த்துவிடலாம்.

தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் என்று அப்போஸ்தலன் பவுல் தரும் பட்டியலில் இரண்டு கிரேக்கச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: மலக்கோய், அர்செனோகொய்தாய். 1946 ஆர்.எஸ்.வி. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து "ஹோமோசெக்‌ஷுவல்ஸ்" என்று போட்டது. 1971-இல் அதை மாற்றினார்கள். 1989-இல் இரண்டையும் பிரித்து, முதலாவதை ஆண் விலைமாந்தர் என்றும் இரண்டாவதை சோதோமியர் என்ற பொருளிலும் எழுதினார்கள். இப்போதைய பதிப்பு இரண்டாவதை மட்டும் "முறையற்ற உடலுறவில் ஈடுபடும் ஆண்கள்" என்று மாற்றி, கிரேக்கச் சொல்லின் பொருள் உறுதியில்லை என்று அடிக்குறிப்பு தருகிறது. எதிர்ப்பாளர்கள் இதைத்தான் "பைபிளை மாற்றிவிட்டார்கள்" என்றார்கள். ஆதரவாளர்கள் இதைத்தான் கொண்டாடினார்கள்.

திருநர் கேள்விக்கு இந்த மாற்றத்தால் பெரிய பயன் இல்லை. அங்கே வழக்காடப்படுவது முதல் சொல்லான மலக்கோய். நேர்ப்பொருள் "மென்மையானவர்கள்". மத்தேயு 11:8-இல் அரமனைக்காரர் உடுத்தும் மெல்லிய துணிக்கும் இதே சொல்தான். கிங் ஜேம்ஸ் பைபிள் இதைப் பெண்மைத்தன்மை உள்ள ஆண்கள் என்று எழுதியது. திருநங்கைகளுக்கு எதிராக இந்த வசனம் எடுத்து நீட்டப்படுவது அந்த மொழிபெயர்ப்பின் வழியாக. தமிழின் பழைய பைபிள் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலோ அதை "சுயபுணர்ச்சிக்காரர்" என்றாக்கிவிட்டது. ஒரே சொல், மூன்று பைபிள்களில் மூன்று குற்றம்! தாராளவாத வாசிப்பின் வாதம் இங்கே நேரானது: ரோம உலகில் "மென்மை" என்பது கட்டுப்பாடில்லாமை, சொகுசு, கோழைத்தனம் எல்லாவற்றுக்கும் பொதுவான வசைச்சொல், அது ஒருவரின் பாலின அடையாளத்தைக் குறித்த கலைச்சொல் அல்ல. நியாயமான வாதம். ஆனால் இந்தப் பதிப்பு அதற்குக் கைகொடுக்கவில்லை. 1989-இல் இருந்த "ஆண் விலைமாந்தர்" அப்படியே நிற்கிறது. கிரேக்கம் அவ்வளவு குறுகியது அல்ல. இரண்டாவது சொல்லுக்குத் தந்த "உறுதியில்லை" குறிப்பு உண்மையில் முதல் சொல்லுக்கும் வேண்டும்.

இரண்டாவது சொல்லிலும் முழு நேர்மை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அர்செனோகொய்தாய் என்பது ஆணோடு ஆண் படுப்பதைத் தடுக்கும் லேவியராகமம் 20:13-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களை ("ஆண்", "படுக்கை") ஒட்டிச் செய்தது போலவே இருக்கிறது. இதைப் பழமைவாத ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள், அவர்கள் பக்கம் வலுவான சான்று. "பொருள் உறுதியில்லை" என்ற ஒற்றை வரியோடு கடந்து போகாமல் அந்தத் தொடர்பையும் குறிப்பில் காட்டியிருக்கலாம்.

இந்தப் பதிப்பின் உண்மையான மதிப்பு அண்ணகர்களை, அதாவது பொதுவாக விதையடிக்கப்பட்ட ஆண்களைப் பற்றிய வசனங்களில் தெரியும். தாராளவாத வாசிப்பின் முதுகெலும்பும் அதுதான். அந்த வாதத்தைச் சங்கிலியாகக் கோத்து வாசிக்க வேண்டும். வரிசை மாறினால் வாதம் விழுந்துவிடும்.

முதல் கண்ணி உபாகமம் 23:1. விதை நசுக்கப்பட்டவனும் உறுப்பு அறுக்கப்பட்டவனும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. மழுப்பல் இல்லாத தடை. (எபிரெய மூலத்தோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்க: ஆங்கிலத்திலும் தமிழிலும் 22:30 என்று இருப்பது எபிரெயத்தில் 23:1. எனவே இந்த வசனம் அங்கே 23:2. எண் மாறுவது தெரியாமல் தப்பான வசனத்தில் சொல் தேடுவது அடிக்கடி நடக்கிறது.) இரண்டாவது கண்ணி ஏசாயா 39:7. எசேக்கியா ராஜாவின் சந்ததியார் பாபிலோன் அரமனையில் அண்ணகர்களாவார்கள் என்ற முன்னறிவிப்பு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் இது இல்லாமல் அடுத்ததற்கு அழுத்தம் கிடையாது. சிறையிருப்பிலிருந்து திரும்பிய சமூகத்தில், தங்கள் விருப்பமில்லாமல் உறுப்பு வெட்டப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். உபாகமச் சட்டப்படி அவர்களுக்கு வாசல் அடைப்பு. அந்த இடத்தில்தான் மூன்றாவது கண்ணியான ஏசாயா 56:3-5 வருகிறது: அண்ணகன் "இதோ, நான் பட்டமரம்" என்று சொல்ல வேண்டாம், ஓய்வுநாளை ஆசரித்து உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகர்களுக்கு என் ஆலயத்திலேயே, என் மதில்களுக்குள்ளேயே, குமாரர் குமாரத்திகளுக்கு உரியதைவிட மேலான இடமும் பெயரும் தருவேன். எபிரெயத்தில் அது "யாத் வாஷேம்". எருசலேமில் உள்ள இனப்படுகொலை நினைவகத்தின் பெயர் இந்த வசனத்திலிருந்து எடுத்தது. "யாத்" என்றால் கை. நினைவுத்தூண் என்றும் பொருள். அடுத்த அதிகாரத்திலேயே 57:8-இல் அது ஆணுறுப்புக்கு இடக்கரடக்கலாக வருவதாகப் பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இழந்ததைச் சொல்லும் சொல்லையே கொடுப்பதற்கும் தீர்க்கதரிசி எடுத்திருக்கிறார் போல. ஆங்கிலம் "மானுமென்ட்" என்று சொல்லி இந்தக் குறும்பைத் தொலைத்துவிடுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல முடியாது.

வாதத்தின் கருப்பொருள் இதுதான்: வேதத்துக்குள்ளேயே ஒரு வசனம் இன்னொரு வசனத்தை மீறிப் போகிறது. சட்டம் வெளியே நிறுத்திய உடலைத் தீர்க்கதரிசி உள்ளே கூப்பிடுகிறார், அதுவும் உடல் பழையபடி ஆன பிறகு வரச் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் சொல்லும் பதிலும் இருக்கிறது. உள்ளே அழைத்தது உண்மை, ஆனால் அண்ணகர் ஆவதை அது ஆதரிக்கவில்லை. வன்முறைக்கு உள்ளானவர்களை ஏற்பதும் உடலை மாற்றிக்கொள்ள விரும்புபவர்களை ஏற்பதும் ஒன்றல்ல என்பார்கள். கவனமான தாராளவாத உரையாளர்கள் இதை மறுப்பதில்லை. அண்ணகரும் திருநரும் ஒன்று என்று அவர்கள் சொல்வதில்லை. ஆண், பெண் என்ற கட்டத்தில் அடங்காத உடலை வேதம் எப்படிக் கையாள்கிறது என்பதற்கு இதுவே கையில் உள்ள மிக நெருங்கிய முன்மாதிரி என்கிறார்கள். "அண்ணகர் என்றால் அந்தக் காலத்துத் திருநங்கை" என்று ஒரே வரியில் முடிக்கும் பிரசங்கங்கள் வாதத்துக்குக் கெடுதல்தான் செய்கின்றன.

மத்தேயு 19:12 மூன்று வகை சொல்கிறது: பிறவியிலே, மனுஷரால், பரலோகராஜ்யத்தினிமித்தம் தாங்களாகவே. இந்தப் பதிப்பு மூன்றிலும் அண்ணகர் என்ற சொல்லை அப்படியே வைத்திருப்பது நல்லது. "மண உறவு கொள்ள முடியாதவர்" என்று விரித்து எழுதும் மொழிபெயர்ப்புகள் ஏசாயாவோடு உள்ள கயிற்றை அறுத்துவிடுகின்றன. மூன்றாம் வகையைச் சபை ஆரம்பத்திலிருந்தே துறவறம் என்றுதான் பெரும்பாலும் படித்தது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர்களும் இருந்ததால்தான் 325-இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயாச் சங்கத்தின் முதல் விதியே அதைப் பற்றி வந்தது: தன் உறுப்பைத் தானாகவே வெட்டிக்கொண்டவர் குருத்துவத்தில் இருக்கலாகாது, மருத்துவர் வெட்டியிருந்தாலோ பகைவர் வெட்டியிருந்தாலோ தடையில்லை. பாரம்பரியத்தை மேற்கோள் காட்டும் இரு தரப்புக்கும் இந்த விதி சங்கடம் தரும். பழமைவாதிக்குப் பின்பாதி, தாராளவாதிக்கு முன்பாதி.

அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம்தான் சங்கிலியின் கடைசிக் கண்ணி. இங்கே இந்தப் பதிப்பு பணத்துக்குத் தகுந்தது. பிலிப்பு வழியில் சந்தித்து ஞானஸ்நானம் கொடுக்கும் எத்தியோப்பிய அதிகாரியைக் கிரேக்கம் 27, 34, 36, 38, 39 ஆகிய ஐந்து வசனங்களில் அண்ணகர் என்கிறது. இந்தப் பதிப்பும் அப்படியே. தமிழ்ப் பழைய திருப்புதலில் அவர் "மந்திரி" ஆகிவிட்டார். அதை மட்டும் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை இந்த விவாதத்தில் ஏன் வருகிறது என்றே புரியாது. பழைய திருப்புதல் பண்ணியது அடியோடு தவறு என்றும் சொல்ல முடியாது. அண்ணகரைக் குறிக்கும் எபிரெயச் சொல் "சாரிஸ்" சில இடங்களில் வெறும் பதவிப் பெயர்தான். பெண்டாட்டி உள்ள போத்திபாருக்கும் ஆதியாகமம் 39:1-இல் அதே சொல், அங்கே இந்த ஆங்கிலப் பதிப்பும் "அதிகாரி" என்றுதான் எழுதுகிறது. ஆனால் 8:27-இல் இந்த நூலை எழுதிய லூக்கா அதிகாரி என்பதற்குத் தனிச்சொல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். அண்ணகர் என்பதும் பதவிப் பெயரே என்றால் ஒன்றையே இரண்டு தரம் சொன்னதாகும்.

இந்த அதிகாரத்தில் இன்னொரு நுணுக்கம். தேரில் அவர் படித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53. சுருளை இன்னும் கொஞ்சம் விரித்தால் 56. லூக்கா அதைச் சொல்லவில்லை. உரையாளர்கள் ஊகிக்கிறார்கள், அழகான ஊகம், ஊகமாகவே இருக்கட்டும். ஊகம் தேவைப்படாத இடம் 36-ஆம் வசனம்: "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" இந்தப் பதிப்பில் அடுத்து நேராக 38. தேர் நிற்கிறது, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். இடையில் உள்ள 37, "முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை" என்ற பிலிப்புவின் பதில், மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லாததால் அடிக்குறிப்புக்குப் போயிருக்கிறது. பழைய தமிழ்ப் பதிப்பில் அது உள்ளேயே இருக்கிறது. 37 இருந்தால் கேள்விக்கு ஒரு நிபந்தனை பதிலாகிறது. இல்லாவிட்டால் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதே இல்லை, தண்ணீர்தான் பதில். "விசுவாச அறிக்கையே கேட்காமல் ஞானஸ்நானம் கொடுத்தார்" என்று யாராவது பிரசங்கித்தால், அந்த வாதம் எந்தக் கைப்பிரதியை நம்புகிறது என்று வாசகர் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதே அதிகாரத்தில் இந்தப் பதிப்பு தவறவிட்ட ஓர் இழை இருக்கிறது. 8:36-இல் "தடை" என்பதற்கு வரும் கிரேக்க வினை 10:47-இலும் வருகிறது; ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் விருத்தசேதனம் இல்லாதவர்கள், அதாவது யூதரல்லாதவர்கள் மேல் ஆவி இறங்கியதும் "தண்ணீரை விலக்கலாமா" என்று பேதுரு கேட்கும் இடம். 11:17-இல், தேவனைத் தடுக்க நான் யார் என்று அவர் எருசலேமில் விளக்கம் சொல்லும் இடத்திலும் அதே வினை. புத்தகத்தின் கடைசி வசனத்தில் "தடையில்லாமல்" என்று முடியும் சொல்லும் அந்த வேரே. தாராளவாத வாசிப்பின் செயல்முறை முழுவதும் இந்த வரிசையில் அடங்கும்: முதலில் அனுபவம், பிறகு சபையின் ஆலோசனை (15-ஆம் அதிகாரம்), அதற்குப் பிறகுதான் வேதத்தைத் திரும்பப் படித்தல். மெதடிஸ்ட் மரபில் வேதம், பாரம்பரியம், பகுத்தறிவு, அனுபவம் என்று நான்காகச் சொல்லும் முறைக்கு லூக்கா தரும் கதைவடிவம் இது என்கிறார்கள். ஆங்கிலத்தில் 8:36-க்கு ஒரு சொல், 10:47-க்கு வேறொரு சொல் போட்டிருப்பதால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. பழைய தமிழிலும் அதே கதைதான்: தடை, விலக்கல்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டெப் பைபிள் என்ற இலவச இணையதளத்தில் ஈ.எஸ்.வி. என்ற இன்னொரு ஆங்கில பைபிள் சொல்லுக்குச் சொல் மூலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் செய்தது. அவர்கள் இவாஞ்சலிக்கல் பக்கம், அதாவது பழமைவாதப் புராட்டஸ்டன்ட்டுகள், ஆனாலும் சொல்தேடல் கருவிக்குச் சார்பு கிடையாது. வசன எண்ணைத் தட்டி, சொல்லின் மேல் அழுத்தினால் அகராதிப் பொருளும் அது வரும் மற்ற இடங்களும் திறக்கும். மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ராங் அகராதி தரும் எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: தடுத்தல் கிரேக்கம் 2967, கிரேக்க அண்ணகர் 2135, எபிரெய சாரிஸ் 5631, மலக்கோஸ் 3120, அர்செனோகொய்த்தேஸ் 733. ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ராங் அகராதியின் ஒருவரிப் பொருள் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பொருளை அங்கிருந்து எடுக்காதீர்கள், இடங்களின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வசனங்களைப் படியுங்கள். "மூலத்தில் இப்படித்தான்" என்று வரும் வாட்ஸ்அப் விளக்கங்களில் பாதி அந்த ஒருவரியில்தான் வழுக்கி விழுகின்றன.

அடுத்தது ஆதியாகமம் 1:27. இங்கே பதிப்பின் நல்லெண்ணமே அதன் குறை. எபிரெயத்தில் முதலில் ஒருமை, பிறகு பன்மை. பழைய தமிழ் அதை அட்சரம் பிசகாமல் காட்டுகிறது: "அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்." அப்டேட்டட் எடிஷன் ஆண்பாற் சொல்லைத் தவிர்ப்பதற்காக மனிதர்கள் என்று பன்மையில் தொடங்கி, இரண்டு இடத்திலும் "அவர்களை" என்று எழுதுகிறது. "எபிரெயத்தில் அவனை" என்பது அடிக்குறிப்பு. பெண்களை உள்ளடக்கச் செய்த இந்த மாற்றம், திருநர் வாசிப்புக்கு ஒரு படியைப் பிடுங்கிவிடுகிறது. ஏனென்றால் அந்த ஒருமைக்கும் பன்மைக்கும் இடையில் உள்ள வெடிப்பில்தான் ஒரு பழைய வாசிப்பு குடியிருக்கிறது. முதல் ஆதாம் ஆணும் பெண்ணும் ஒன்றாயிருந்த உடல் என்று பழைய யூத உரைநூலான ஆதியாகம ரப்பா 8:1-இல் ஒரு ரபி சொல்கிறார். அதே மரபில் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின் பிக்கூரிம் பகுதி, இரு பாலும் உள்ள ஒருவர் எந்தச் சட்டத்தில் ஆணைப் போல, எதில் பெண்ணைப் போல, எதில் இருவரையும் போல, எதில் இருவரையும் போலல்ல என்று பட்டியலே போடுகிறது. புராட்டஸ்டன்ட்டுகள் இதைக் கடன்வாங்கித்தான் பேசுகிறார்கள். கடன் என்று சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

அதைவிடப் பரவலாகக் கேட்கும் வாதம் வேறு. பகலும் இரவும் என்றால் அந்தியும் விடியலும் அதற்குள் அடக்கம், நிலமும் கடலும் என்றால் சதுப்பும் அடக்கம், அப்படியே ஆணும் பெண்ணும் என்பதும் இரு முனையைச் சொல்லி முழுமையைக் குறிப்பது என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஆதியாகமம் 6:19-இல் பேழைக்குள் போகும் மிருகங்களுக்கும் அதே "ஆணும் பெண்ணும்" தான், அங்கே நோக்கம் இனப்பெருக்கம், சோடி. இந்த வசனத்துக்குப் பதில் வைக்காமல் அந்தி-விடியல் வாதத்தை வைப்பவர்கள் எதிராளியின் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்கள். வசனம் மனிதரைப் பொதுவாக விவரிக்கிறது, ஒவ்வொரு மனிதருக்கும் விதி போடவில்லை என்ற எளிய வாதமே இதைவிடத் தாங்கும்.

உபாகமம் 22:5-இல் பெண் ஆணின் உடையையும் ஆண் பெண்ணின் உடையையும் தரிக்கலாகாது என்று இருக்கிறது. இரு பாதியும் ஒன்றையொன்று பிரதிபலிப்பது போலத் தோன்றும், மூலத்தில் அப்படி இல்லை. ஆண் அணியக்கூடாதது "சிம்லா" (8071), மேலாடை. பெண்ணிடம் இருக்கக்கூடாதது "கெலி" (3627). முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் சொல். பாத்திரம், கருவி, ஆயுதம் எல்லாம் கெலிதான். ஆதியாகமம் 27:3-இல் ஏசாவின் அம்பறாத்தூணியும் வில்லும் கெலி. ஓன்கெலோஸ் தர்கூம் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு இந்த வசனத்தில் ஆயுதம் என்றே எழுதுகிறது. பெண் ஆயுதம் தரித்துப் போருக்குப் போகலாகாது என்று யூதச் சட்ட விவாத நூலான தல்முதிலும் ஒரு கருத்து. இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரையோ நோக்கத்தைப் பார்க்கிறது: எதிர்ப்பாலாருக்குள் ஒளிந்து கலந்து முறைகேடு செய்ய உடுத்துவதே குற்றம் என்கிறது. ஆங்கிலப் பதிப்பு இரண்டு பாதிக்கும் வெவ்வேறு சொல் போட்டிருக்கிறது, ஆனால் இரண்டுமே உடைதான், ஆயுத வாடை எதுவும் இல்லை.

இந்த வசனத்தில் தாராளவாதத் தரப்பு இரண்டு வழியில் போகும். ஒன்று, அதே அதிகாரத்தில் ஆட்டுமயிரும் சணல்நூலும் கலந்த துணி கூடாது, மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு என்றெல்லாம் இருக்கிறதே, அதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பது. மேடையில் கைதட்டல் வாங்கும், ஆழம் குறைவு. யூதச் சட்டத்தையே கேலிப்பொருளாக்கும் ஆபத்தும் உண்டு. யூதர் பலர் அந்தக் கலப்புத்துணிச் சட்டத்தை இன்றும் கைக்கொள்கிறார்கள். மற்றது, வசனம் தடுப்பது ஏமாற்று வேடத்தை, திருநங்கை புடவை கட்டுவது வேடமல்ல என்பது. இது கண்ணியமான வாதம், ஆனால் வட்டமடிக்கிறது. அவர் பெண்தானா என்பதே தகராறாக இருக்கும்போது, பெண் என்று வைத்துக்கொண்டுதான் இந்த வாதம் தொடங்குகிறது. வசனத்தால் தீராத கேள்வி, மனிதரைப் பற்றிய அறிவும் அனுபவமும் வந்துதான் தீர வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லும் உரைகளே தரமானவை.

கிறிஸ்துவுக்குள் யூதர்-கிரேக்கர், அடிமை-சுயாதீனர், ஆண்-பெண் என்ற வேறுபாடில்லை என்னும் கலாத்தியர் 3:28-இல் முதல் இரண்டு சோடிக்கும் "அல்லது" போட்டுவிட்டு மூன்றாவதில் "ஆணும் பெண்ணும்" என்று மாற்றியிருப்பதை இந்தப் பதிப்பு ஒழுங்காகக் காட்டுகிறது. பவுல் அந்த இடத்தில் ஆதியாகமம் 1:27-இன் கிரேக்கச் சொற்களை அப்படியே எடுக்கிறார். பழைய தமிழில் மூன்றும் ஒரே அச்சு. பாலினமே ஒழிந்தது என்று இதை இழுத்தால் திருநரே எதிர்க்கிறார்கள்: நான் பாடுபட்டு அடைந்த பெண்மை கிறிஸ்துவுக்குள் ஒன்றுமில்லை என்றால் எனக்கு என்ன நற்செய்தி? அதனால் இப்போது பலர் இதை, பாலினம் தகுதிக்கு அளவுகோலாகாது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். யோசேப்பின் அங்கியும் 2 சாமுவேல் 13:18-இல் ராஜகுமாரத்தி தாமாரின் அங்கியும் எபிரெயத்தில் ஒரே பெயர் என்பதை வைத்து யோசேப்பு பெண்ணுடை உடுத்தினார் என்று செய்யும் வாதம் சுவாரசியம், அதற்கு மேல் பாரம் தாங்காது.

வழிபாட்டில் இதெல்லாம் எப்படிப் பயனாகிறது என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்கள் திருநர் தங்கள் பாலின மாற்றத்தை ஆராதனையில் அறிவிப்பதற்காக 2018 டிசம்பரில் தந்த வழிகாட்டல், புதிய சடங்கு எதையும் எழுதாமல், ஏற்கெனவே உள்ள ஞானஸ்நான விசுவாசத்தை உறுதிப்படுத்தும் ஆராதனையையே பயன்படுத்தச் சொன்னது. ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவருக்கு அது இரண்டாம் ஞானஸ்நானம் ஆகாது. ஆபிராமுக்கும் சாராய்க்கும் யாக்கோபுக்கும் புதுப் பெயர் வந்த ஆதியாகமம் 17, 32 போன்ற பகுதிகள் இத்தகைய ஆராதனைகளில் இயல்பாகவே எடுபடும். சத்தமாக வாசிக்க இந்த ஆங்கிலம் தடையில்லாமல் போகிறது. 1989 பதிப்பைவிட ஓட்டம் நன்று.

எதை வாங்குவது? பைபிள் கேட்வே தளத்தில் முழுவதும் இலவசமாகப் படிக்கலாம். பக்க அமைப்பில் அடிக்குறிப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்புத்தகம் வேண்டாம், அடிக்குறிப்பை யாரும் வாசிக்க மாட்டார்கள். உரைக்குறிப்பு வேண்டுமென்றால் இதே மொழிபெயர்ப்பின் மேல் 2023-இல் வந்த எஸ்.பி.எல். (மேலே சொன்ன ஆய்வாளர் சங்கம்) ஸ்டடி பைபிள் இருக்கிறது. ஆய்வாளர்கள் எழுதியது, வசனம் அந்தக் காலத்தில் என்ன சொன்னது என்று சொல்லும், சபை இன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. பிரசங்கம் தேடுபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

அச்சுப் பதிப்பு வாங்கும்போது 66 புத்தகங்கள் மட்டும் உள்ளதைத் தவிர்த்து, அந்த 66-இல் சேராத பழைய யூத நூல்களான அப்போக்ரிஃபா சேர்ந்ததை எடுங்கள். ஏசாயா 56-க்கும் அப்போஸ்தலர் 8-க்கும் நடுவே உள்ள நூற்றாண்டுகளில் இந்தப் பேச்சு எப்படிப் போனது என்று அங்கேதான் தெரியும். சாலமோனின் ஞானம் 3:14, கைகளால் அக்கிரமம் செய்யாத அண்ணகன் பாக்கியவான், அவனுக்குக் கர்த்தருடைய ஆலயத்தில் இன்பமான இடம் உண்டு என்கிறது. சீராக் 30:20-இல் அண்ணகன் ஒரு பெண்ணைத் தழுவிப் பெருமூச்சு விடும் கேலிச்சித்திரம். இங்கிலாந்து திருச்சபை மரபின் கோட்பாட்டு அறிக்கையான ஆங்கிலிக்கன் 39 விதிகளில் ஆறாவது, இந்தப் புத்தகங்களை நடத்தைக்குப் படிக்கலாம், கோட்பாட்டுக்கு ஆதாரமாக்கக் கூடாது என்கிறது. அதனால் 3:14-ஐ மேடையில் ஆதாரமாக நீட்ட முடியாது. நீட்டுபவர்கள் 30:20-ஐயும் சேர்த்து வாசிக்கத் தயாராக இருக்க வேண்டும்.